ஒரு கனத்துக்கு இரண்டு லேசு

நோட்டைப் பிடுங்கி எறிந்தது கொக்கிதான். அதை அவனே மறுக்கவில்லை. மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கியைக் குளிக்கும்போதுகூட இடுப்பிலிருந்து கழற்றமாட்டான் என்று யார்டில் ஒரு கேலி உண்டு. அதில் ஒட்டிக்கொண்ட பெயர். ஒரே வாரத்தில் நான்காவது சிமெண்டு லாரி தன் தலையில் விழுந்ததும் மேசைக்கு வந்தான், நோட்டைப் பிடுங்கினான், பிளாட்பாரத்துக்குக் கீழே விட்டெறிந்தான். கணுக்கால் அளவுக்குச் சிமெண்டுத் தூசி கிடந்த இடம். நோட்டு விழுந்த இடத்தில் புஸ்ஸென்று ஒரு சின்னப் புகை எழும்பி அடங்கியது.

"பத்தொன்பது வருஷமா எழுதறீங்க பெரியவரே. எழுதறீங்களா, இஷ்டத்துக்கு வரையறீங்களா?"

நோட்டுக்காரர் கீழே இறங்கி நோட்டை எடுத்தார், சட்டையில் துடைத்தார், மறுபடி வந்து உட்கார்ந்து அடுத்த லாரிக்கு ஆறு பெயரைப் படித்தார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அந்த யார்டில் சங்கப் பேட்ஜ் வைத்திருந்த சுமைக்காரர்கள் முப்பத்தெட்டுப் பேர். லாரி வர வர, பட்டியலில் மேலிருந்து ஆறு ஆறு பேராக ஏறி இறக்க வேண்டும். கூலியில் சண்டை கிடையாது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சாயங்காலம் சமமாகப் பிரியும். சண்டை முழுக்க எடையில்தான். ஐம்பது கிலோ மூட்டை நானூறு வந்தாலும் ஆறு பேர், மெத்தை வந்தாலும் ஆறு பேர். சிமெண்டு, உரம், தரைக்கல் என்றால் கனம். பிஸ்கட் பெட்டி, மெத்தை, பிளாஸ்டிக் வாளி என்றால் லேசு. யாருக்கு எது வாய்க்கிறது என்பதை முறை சொல்லும், முறையை நோட்டு சொல்லும், நோட்டை அவர் எழுதுவார்.

இந்தச் சேதி நோட்டுக்காரரின் மருமகளுக்கு மாமியார் வாயால் வந்தது. மாமியாருக்கும் அதே யார்டில்தான் பிழைப்பு; கிழிந்த சாக்குகளைத் தைக்கிற ஏழு பெண்களில் ஒருத்தி. சாக்கு ஊசி பட்டுப் பட்டு இரண்டு பெருவிரலும் கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிப்போனவள். அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "உங்க மாமனார் மூஞ்சியில ஈயாடல. நாலு பேர் பாக்க எறிஞ்சுட்டான். அவனைச் சொல்லி என்ன, அவன் முதுகைப் பாத்தியா நீ? தோல் உரிஞ்சு தொங்குது," என்றாள். யார் பக்கம் பேசுகிறாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மறுநாள் சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். இரும்புக் கடைகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. உட்கார ஒரே நாற்காலி. அதில் அவர் உட்கார, மற்றவர்கள் நின்றார்கள்.

"யாரும் அழிக்க முடியாத நோட்டுன்னு ஒரு நாள் சொன்னியேம்மா. அது நெஜமா, சும்மா பேச்சுக்கா?"

"நெஜம்தான் அண்ணே. முறை எப்படிப் போகணும்னு விதியை எழுதி பிளாக்செயின்ல ஏத்திட்டா, அது ஒரு இடத்துல இருக்காது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே நகலா இருக்கும். ஒருத்தன் தன்கிட்ட இருக்கறதைக் கிறுக்கினா மத்ததெல்லாம் சேர்ந்து அவனைப் பொய்யன்னு சொல்லிடும். ஸ்மார்ட் கான்ட்ராக்ட்னு பேரு. விதிப்படி அதுவே முறையைப் போடும், மேசையில ஆளே வேணாம்."

"ஏத்தறவ நீ. நீ மாத்தலாம்ல?"

"மாத்தறதுக்கு வழி வெச்சு ஏத்தினா மாத்தலாம். வெக்காம ஏத்தினா என்னாலயும் முடியாது."

செயலாளர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வழி வெக்க வேணாம். நான் எழுதறதை எல்லாரும் சந்தேகப்படறாங்க. யாரும் கை வெக்க முடியாத இடத்துல கொண்டுபோய் வெச்சுடட்டும். அவளே பண்ணட்டும்."

கோபத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் சொல்லியாகிவிட்டது.

அவளுக்கு டயர்க் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. கடைகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி. எழுதுவது மற்ற மூன்று பேர்; அவர்கள் எழுதினதில் ஓட்டை தேடுவது அவள் வேலை. ஊரார் தப்பைக் கண்டுபிடித்தே பழகிப்போனவள், தானே ஒன்றை எழுத வேண்டும் என்று எட்டு மாதமாக இந்தப் பிளாக்செயின் பாடத்தைப் படித்து வந்தாள். பொய்க்காசு போட்டு விளையாடிப் பார்க்கிற சோதனை நெட்வொர்க் ஒன்று உண்டு. அதில் எதையெதையோ ஏற்றியிருக்கிறாள், தப்பாகப் போனால் விட்டுவிட்டு வேறொன்று ஏற்றியிருக்கிறாள். நிஜமானதில் ஒருமுறைகூட ஏற்றியதில்லை. அதில் விட்டுவிட்டு ஓட முடியாது.

இரண்டு வாரத்தில் எழுதி முடித்தாள். முப்பத்தெட்டுப் பேட்ஜ் எண், லாரி வந்தால் மேலிருந்து ஆறு பேர், வராதவன் அடிக்குப் போவான். அவ்வளவுதான். ஓடிப் பார்த்தால் சரியாக ஓடியது. சரியாக ஓடினால் அவளுக்கு நம்பிக்கை வராது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மாமனாரிடம் பழைய நோட்டுகளைக் கேட்டாள்.

"எதுக்கு?"

"ஆறு மாசம் வந்த லாரியெல்லாம் இதுல மறுபடி விட்டுப் பாக்கறேன் மாமா. நீங்க எழுதின ஆளும் இது சொல்ற ஆளும் ஒண்ணா வந்தா என் எழுத்து சரின்னு அர்த்தம்."

அவர் பெட்டியைத் திறந்து மூன்று நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். எங்கே என்று அவளும் கேட்கவில்லை.

மழைக்கு முன்னால் வருகிற புழுக்கம். தகரம் கொதித்தது. நெற்றி வியர்வை விசைகளின் மேல் சொட்ட, துடைத்துத் துடைத்து அடித்தாள். ஆறு மாதத்து லாரிகள் முழுவதையும் ஏற்றி ஓட விட்டபோது, இருபத்தாறு இடத்தில் நோட்டும் கான்ட்ராக்டும் ஒத்துப்போகவில்லை.

முதலில் தன் தப்பு என்றுதான் நினைத்தாள். வராதவனை அடிக்குத் தள்ளுகிற வரியைத் திரும்பப் படித்தாள். சரியாக இருந்தது. ஒவ்வொரு இடமாக விரல் வைத்துப் பார்த்தாள். இருபத்தாறும் கன லாரி. ஒருவன் பெயர் அழியாமல், அடிக்கப்படாமல், சும்மா ஒரு லாரி தள்ளி எழுதப்பட்டிருந்தது. அதில் பன்னிரண்டு இடங்கள் வேறு ஏழு பேருடையவை. மீதிப் பதினான்கும் ஒரே பேட்ஜ்.

அந்த எண்ணைப் பட்டியலில் தேட வேண்டிய அவசியமே இல்லை. தினமும் புருஷன் சட்டையைத் துவைக்கும்போது அவள் கழற்றி ஆணியில் மாட்டுகிற பேட்ஜ்தான் அது.

அவள் தேடிப் போனபோது மாமனார் எடைமேடை அறையின் நிழலில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை யார்டில் நாய்கள் தவிர யாரும் இல்லை. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், என்ன என்று கேட்காமல் அவரே ஆரம்பித்தார்.

"போன வருஷம் மழையில பலகை வழுக்குச்சுல்ல. மூட்டையோட விழுந்தான். கால் பிசகிடுச்சுன்னு உங்கிட்ட சொன்னோம்."

"கால் இல்லையா?"

"முதுகெலும்புல எங்கயோ நரம்பு நசுங்கியிருக்காம். இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது, மீறினா கால் ரெண்டும் மரத்துப் போயிடும்னு டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நீ அப்பதான் வேலையில சேர்ந்திருந்த. இவன், அவகிட்ட சொன்னா நானே போய்ச் செத்துடுவேன்னான்."

"பதினாலு தடவை மாமா."

"எண்ணிட்டியா."

"அந்தப் பதினாலையும் வேற யாரோ தூக்கியிருக்காங்க."

"ஒரே ஆள் மேல போடல. பிரிச்சுப் பிரிச்சுத்தான் போட்டேன்," என்றார். பிறகு அதுவும் பொய் என்று அவருக்கே பட்டது போலிருக்கிறது. "கொக்கி மேல கொஞ்சம் கூட விழுந்துடுச்சு. நல்ல உடம்புக்காரன்னு…"

நாய் ஒன்று எடைமேடையின் இரும்புத் தகட்டில் ஏறி, சூடு தாங்காமல் குதித்து இறங்கியது.

"சங்கத்துல சொல்லியிருக்கலாமே."

"தூக்க முடியாதவன் பேட்ஜைக் குடுத்துடணும். நாங்க வெச்ச விதிதான். ஒருத்தன் மூட்டைக்கு அடியில செத்ததுக்கப்புறம் நானும் கை தூக்கி வெச்ச விதி." தொண்டையைச் செருமினார். "ஏம்மா, அதுல ஒரு சின்னக் கதவு வெக்க முடியாதா? யாருக்கும் தெரியாம. எனக்கு மட்டும்."

"வெக்கலாம் மாமா. வெச்சா அதுக்கும் நோட்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் புருஷன் குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டோடு தரையில் குப்புறப் படுத்தான். அப்படித்தான் ஒரு வருஷமாகப் படுக்கிறான். அசதி என்று அவள் நினைத்திருந்தாள். தண்டுவடத்தின் மேல் மெல்ல விரலை வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். இடுப்புக்கு ஒரு சாண் மேலே வந்ததும் உடம்பு தூக்கிப்போட்டது.

"இங்கதானா?"

அவன் முகத்தைத் திருப்பவில்லை. "அப்பா சொல்லிட்டாரா?"

"நோட்டு சொல்லுச்சு."

"சரி, தெரிஞ்சுபோச்சு. விடு. நீ பாட்டுக்கு ஏத்து. வரது வரட்டும், தூக்கிக்கறேன். பெல்ட்டு ஒண்ணு கட்டிக்கிட்டா ஒண்ணும் ஆகாது."

"கால் போயிடும்னு டாக்டர் சொன்னாராம்."

"டாக்டர் சொல்லுவான். அவனா தூக்கறான்?"

"நான் ஏத்த மாட்டேன். செயலாளர்கிட்ட எனக்கு வரலைன்னு சொல்லிடறேன்."

"சொல்லு. எங்கப்பனைக் காப்பாத்த மருமக பல்டி அடிச்சுட்டான்னு நாளைக்கே கொக்கி மைக் பிடிச்சுப் பேசுவான். அப்புறம் நோட்டைக் கொளுத்துவாங்க. எனக்குப் பேட்ஜும் போகும், அவருக்கு மானமும் போகும்."

"பேட்ஜ் போனா போகட்டும். என் சம்பளத்துல ஓட்டிக்கலாம்."

"நான் என்ன பண்ண? வீட்ல உக்காந்து உன் லேப்டாப்பைத் தொடச்சு வெக்கவா?"

சுருக்கென்று குத்துகிற மாதிரிதான் சொன்னான். அவளுக்கும் சுருக்கென்றது. "தொடைங்க. அதுல உங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது? பொய் சொன்னதை விட அது ஒண்ணும் கேவலமில்ல," என்றாள். பேச்சு தடித்தது. இரண்டு பேரும் குரலை அடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் காது இருந்தது.

காதுக்குச் சொந்தக்காரி கையில் வெங்காயக் கத்தியோடு உள்ளே வந்தாள்.

"போதும் நிறுத்துங்க. ஊசியே பிடிக்கத் தெரியாதவங்க சாக்கைப் பத்தி அடிச்சுக்கற மாதிரி இருக்கு. பெத்தவ எனக்கு மட்டும் தெரியாதா அவன் எப்படிக் குனியறான்னு? ஒரு வருஷமா நாக்கைக் கடிச்சுட்டு இருக்கேன். இந்த ஆம்பளைங்களுக்கு எல்லாமே மூடி மறைக்கணும். நாங்க ஏழு பேர் தைக்கறோம். கை வீங்கின அன்னைக்கு, ஆள் உயரத்துக்குக் கிழிஞ்ச சாக்கு வந்தா, பக்கத்துல தள்ளிவிட்டுட்டு அவகிட்ட இருக்கற சின்னக் கிழிசல் ரெண்டை இழுத்துக்குவோம். பெருசு ஒண்ணுக்குச் சின்னது ரெண்டு. ஏன்டி, என்னடின்னு ஒருத்தி கேக்க மாட்டா. கணக்கு நேராயிடும், வாயும் நாறாது. உன் மிசின்ல அதைப் போடத் தெரியாதா?"

மருமகள் புருஷன் முதுகிலிருந்து கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

"மறுபடி சொல்லுங்க அத்தை. அவ வேணாம்னா?"

"வேணாம்னா அடுத்தவகிட்டத் தள்ளுவேன்."

"எல்லாரும் வேணாம்னா?"

"நானே தைப்பேன். வேற என்ன செய்ய?"

விதி அவள் எழுதினாலும் ஒத்துக்கொள்ள வேண்டியது யார்டு. புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டில் கூடினார்கள். முப்பத்தெட்டுப் பேரும் சட்டையில்லாமல், முடியெல்லாம் சிமெண்டு வெளுப்பாக, சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கனம் வந்தவன் போனில் ஒரு பட்டனை அமுக்கி அதை மற்றவர்களுக்கு நீட்டலாம்; எல்லார் போனும் அடிக்கும். எடுத்துக்கொள்கிறவனுடைய அடுத்த இரண்டு லேசு லாரியை இவன் தூக்க வேண்டும் என்று அவள் சொல்லி முடித்தாள்.

கொக்கி வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டான். "தங்கச்சி, பழைய நோட்டை உன் மிசின்ல விட்டுப் பாத்தியாமே. என்ன வந்துச்சு?"

அவள் மாமனாரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வராது.

"இருபத்தாறு தடவை முறை மாறியிருக்கு அண்ணே. எல்லாமே கனம். பதினாலு என் வீட்டுக்காரருக்கு."

ஷெட் கொதித்தது. யாரோ ஒருவன் தூக்கு மூடியைத் தரையில் ஓங்கி வைத்தான். "மீதி பன்னெண்டு யாருன்னு சொல்லு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சொல்லமாட்டேன் என்றாள். ஏழு பேர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள், அதைவிட முக்கியமான வேலை உலகத்தில் இல்லாத மாதிரி.

புருஷன் எழுந்தான். முதுகு நரம்பு, டாக்டர், பலகை வழுக்கியது எல்லாவற்றையும் நான்கு வாக்கியத்தில் சொன்னான். சொல்லிவிட்டு ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து பேட்ஜைக் கழற்றிச் செயலாளர் முன்னால் வைத்தான்.

கொக்கி கேட்டான்: "அந்தப் பதினாலுல எத்தனை எனக்கு வந்துச்சு?"

"அஞ்சு," என்றாள் அவள்.

"அஞ்சு சிமெண்டு லாரி." கொக்கி பெரியவர் பக்கம் திரும்பினான். "கேட்டிருந்தா நானே தூக்கியிருப்பேனோ என்னவோ. கேக்காம என் முதுகுல வெச்சீங்க பாருங்க, அதான் எனக்கு ஆகல."

நோட்டுக்காரர் எழுந்து நின்றார். "தப்புதான்பா," என்றார். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஷெட்டில் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"உங்க மருமக விதிப்படி அஞ்சு கனத்துக்குப் பத்து லேசு. உங்க பையன் எனக்குப் பத்து லாரி தூக்கணும். விடமாட்டேன், எண்ணிட்டே இருப்பேன்." பேட்ஜை எடுத்துப் புருஷன் பக்கம் தள்ளினான். "பேட்ஜ் இல்லாம எப்படித் தூக்குவான்? பத்து லேசு தூக்கறவனைத் தூக்க முடியாதவன்னு எப்படிச் சொல்றது?"

சிரிப்பு ஒன்று கிளம்பி, அடங்கியது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. லாரிக்காரர்களிடம் பேச்சு வாங்குகிறவர் அவர்தான். "இவன் நீட்டிட்டே இருப்பான், எவனும் எடுக்காம லாரி வெயில்ல நிக்கும். அதுக்கு ஒரு எல்லை வேணும். பதினஞ்சு நிமிஷம். அதுக்குள்ள எவனும் எடுக்கலைன்னா நீட்டினவனே ஏறணும். ஏறலைன்னா பேரு பட்டியல்லேருந்து போயிடணும். அந்த வரியையும் சேத்து எழுது. எழுதினா கை தூக்கறேன்."

முப்பத்தொரு கை உயர்ந்தது. அவள் அந்த வரியையும் எழுதினாள். புருஷன் பெயரை வெட்டப்போகிற வரியாக அது இருக்கலாம் என்று தெரிந்தே எழுதினாள். நோட்டு வேலை போனதால் மாமனாரை ஓய்வுப் பேட்ஜில் போட்டார்கள். முறை கிடையாது, ஆனால் இஷ்டப்பட்டால் மற்றவர் நீட்டுவதை எடுத்துக்கொள்ளலாம். ஷெட்டில் உட்கார்ந்து, போன் பழகாதவர்களுக்குப் பட்டனைக் காட்டிக் கொடுப்பது இனி அவர் வேலை.

வெள்ளிக்கிழமை காலை, முதல் லாரிக்கு முன்னால், செயலாளர் அறையில் வைத்து ஏற்றினாள். சங்கத்துப் பணத்தில் வாங்கிய நிஜக்காசு கட்டணத்துக்குத் தயாராக இருந்தது. நெட்வொர்க் பெயரை மூன்று முறை படித்தாள். சோதனை இல்லை, நிஜம். பட்டனை அழுத்தினாள். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வாசலில் எட்டுப் பத்துத் தலைகள்.

"என்ன, லாரி ரிப்பேரா?" என்றான் கொக்கி.

"வரிசையில நிக்குது அண்ணே. நம்ம பதிவைத் தூக்கிச் சங்கிலியில வெக்க அங்க ஆள் இருக்காங்க. யார் கட்டணம் கூட வெச்சிருக்காங்களோ அவங்களுதை முதல்ல தூக்குவாங்க. நான் மிச்சம் பிடிக்கலாம்னு கொஞ்சமா வெச்சுட்டேன்."

வாசல் முழுக்கச் சிரித்தது. எட்டு மாதம் அவள் படித்த பாடத்தில் இந்த ஒரு பக்கம் மட்டும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"நாலணா வெச்சா எவன் குனிவான்? கூட்டி வை தங்கச்சி."

கூட்டி வைத்தாள். இருபது எண்ணுவதற்குள் வட்டம் நின்று பச்சையானது. எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு முகவரி வந்தது. செயலாளர் அதைச் சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் எழுத, இரண்டு இடத்தில் தப்பாக எழுதித் திருத்தினார்.

மாமனார் வாசலுக்கு வெளியே நின்றபடி கேட்டார். "இப்ப இதுல ஒரு தப்பு இருந்தா?"

"இருந்தா இருக்கும் மாமா."

தப்பு இருந்தது. அது வெளியே வர நான்கு நாள் ஆனது.

செவ்வாய்க்கிழமை பதினொன்று இருக்கும். டயர்க் கடையிலிருந்து ரப்பர் நாற்றம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. வேலைக்கு நடுவே யார்டின் பதிவுகளைத் திறந்து பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. எங்கிருந்தும் யாரும் பார்க்கலாம். சிமெண்டு, நானூறு மூட்டை. ஆறு பேர். நான்காவது அவள் புருஷன். அடுத்த வரியில், அவன் நீட்டியிருந்தான்.

இரண்டு நிமிடம். ஐந்து. யாரும் எடுக்கவில்லை. பக்கத்தைப் புதுப்பித்தாள். ஏழு. எடுத்தால் இரண்டு லேசு லாரி மிச்சம், ஒருவனுக்குக்கூட ஆசை வராதா? அவள் கையால் எழுதின கான்ட்ராக்ட், அவள் பேச்சையே கேட்காது. எட்டாவது நிமிடத்தில் போன் போட்டாள்.

"யாரும் எடுக்கல," என்றான் புருஷன். பின்னால் என்ஜின் உறுமியது. "பரவால்ல. நான் ஏறிடறேன்."

"ஏறாதீங்க. மத்தவங்க எங்க?"

"ஆறு லாரி ஒண்ணா வந்துடுச்சு. எல்லாம் மெத்தையிலயும் வாளியிலயும் நிக்கறாங்க."

"போன் அடிக்குமே, பாக்கலையா?"

"அவங்க போனெல்லாம் சட்டையில இருக்கு. சட்டை ஷெட்டுல இருக்கு. வெத்து ஒடம்போட தூக்கறவன் போனை எங்க வெச்சுப்பான்?"

தினமும் அவள் அந்தச் சட்டையைத் துவைக்கிறாள். சிமெண்டுக் கறை கழுத்தில் இருக்கும், முதுகில் இருக்காது. அதைக் கசக்கிப் பிழிந்தவளுக்குப் பதினைந்து நிமிடம் என்று எழுதும்போது தோன்றவில்லை.

"கூப்பிடுங்க அவங்களை. சத்தம் போட்டுச் சொல்லுங்க."

"என் முதுகைக் கூவி விக்கச் சொல்றியா?" என்றான். லைன் போய்விட்டது.

பத்து நிமிடம். மாமனாருக்குப் போட்டாள். அவர் எடுத்ததும் முதலில் கேட்டது அவர் குரல் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாகக் கத்துகிற முப்பது போன்களின் சத்தம்.

"ஏம்மா, இங்க ஆணியில இருக்கற சட்டையெல்லாம் கத்துது. நானும் எது கத்துதுன்னு ஒவ்வொரு பாக்கெட்டாத் தடவிட்டு இருக்கேன்…"

"மாமா, அவர் கனம் நீட்டியிருக்கார். அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. சட்டையெல்லாம் அள்ளிட்டு லாரிக்கு ஓடுங்க."

லைன் கட் ஆகவில்லை. செருப்புச் சத்தமும், மூச்சு வாங்குகிற சத்தமும், கிணுகிணுவென்று சட்டைகளும் காதில் குலுங்கின. பன்னிரண்டு. யாரோ "சட்டையைக் கீழே போடாதீங்க பெரியவரே" என்றார்கள். பதிமூன்று. "கை பூரா அழுக்கு, அமுக்கினா வேலை செய்ய மாட்டேங்குது." அது யார் குரல் என்று தெரியவில்லை. மாமியாரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது, "தலையில தொடச்சுட்டு அமுக்குடா."

பதினான்காவது நிமிடத்தில் திரையில் ஒரு வரி விழுந்தது. எடுத்தாயிற்று. அதற்குக் கீழே, ஒரு நொடி பின்னால், சிவப்பில் இன்னொரு வரி. அதுவும் எடுக்க முயன்ற பதிவுதான். இடம் போய்விட்டதால் செல்லவில்லை. பேட்ஜ் எண்ணைப் பார்த்தாள். ஓய்வுப் பேட்ஜ்.

"மாமா," என்றாள்.

"எடுத்துட்டான்மா. கொக்கி. பத்தோட ரெண்டு பன்னெண்டுன்னு சொல்லிட்டே ஏறறான்." மூச்சு இன்னும் அடங்கவில்லை. "உன் வீட்டுக்காரன் வாளி லாரிக்குப் போயிட்டான்."

"நீங்க எதுக்கு மாமா அமுக்கினீங்க? சிமெண்டு அது. அறுபத்திரெண்டு வயசு உங்களுக்கு."

"அதுல தெரியுதா?"

"தெரியுது."

"நான் அமுக்கினது போகலையே. அவன்தானே முந்திக்கிட்டான்."

"போகாதது கூட பதிவாயிடும்."

"அழிக்க முடியாதா?"

"முடியாது மாமா."

அவருக்குப் பின்னால் லாரியின் பக்கப் பலகை தடாரென்று விழுந்தது. கொக்கி யாரையோ திட்டிக்கொண்டு முதல் மூட்டைக்குக் குரல் கொடுத்தான்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றார் மாமனார். "உங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லாதே. இந்தச் சட்டையில எது யாருதுன்னே தெரியல, நான் போய்க் குடுத்துட்டு வரேன்."